உப்பிட்டவரும் உப்பானவரும்: கடையில் கிடைக்கும் ஐந்து உப்புகள், ஒரு மதிப்பீடு

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழி உப்பைத் தின்றவனிடம் பேசுகிறது. "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்; உப்பானது சாரமற்றுப்போனால், எதினால் சாரமாக்கப்படும்?" என்ற மத்தேயு 5:13 உப்பிடமே பேசுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் இரண்டும் ஒரே சாடிக்குள் கிடக்கின்றன. சாடியில் இருப்பது எந்த உப்பு, அது நல்ல உப்புதானா, "சாரமற்றுப்போனால்" என்று ஆண்டவர் சொன்னது அந்த உப்புக்கு நடக்கக்கூடியதா என்று கேட்டால், பிரசங்கங்களில் பெரும்பாலும் பதில் இருக்காது. ருசி தரும், கெடாமல் காக்கும், கரைந்து மறையும் என்று மூன்று குறிப்பு சொன்னதும் ஆமென் வந்துவிடும்.

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் இன்று கிடைக்கும் ஐந்து வகை உப்பை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: அயோடின் கலந்த கல்லுப்பு, தூளுப்பு, இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு, சோடியம் குறைத்த உப்பு, இந்துப்பு. சுத்தம், சேர்த்த சத்து கடைசிவரை நிற்கிறதா என்பது, எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பது ஆகிய மூன்றையும் வைத்தே மதிப்பீடு. ருசியைத் தனியாக எடுக்கவில்லை. குழம்பில் கரைந்தபின் இவற்றில் முதல் மூன்றை நாக்கு பிரித்தறியாது.

முதலில் வழக்குகளைப் பார்த்துவிடலாம். பழமொழியில் உப்பு என்றால் சோறு. சோறு போட்டவரை உயிருள்ளவரை மறக்காதே என்பதுதான் பொருள். "சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியா?" என்றால் ரோஷம் இருக்கிறதா என்று கேள்வி. "உப்புப் பெறாத விஷயம்" மதிப்பில்லாதது. "உப்புக்குச் சப்பாணி" கணக்குக்கு மட்டும் நிற்கும் ஆள். சபைக் கமிட்டிகளில் இந்தக் கடைசி வகைக்குப் பஞ்சமில்லை. "உப்புச்சப்பில்லாத பேச்சு" என்று நாம் சொல்வதற்கு நேர் எதிராக, பேச்சு உப்பால் சாரமேறினதாக இருக்கட்டும் என்று பவுல் கொலோசெயர் 4:6இல் எழுதுகிறார்.

உப்பிட்டவரை நினைக்கும் பழக்கம் வேதத்திலும் உண்டு, ஆனால் வந்திருக்கும் இடம் விசித்திரமானது. எஸ்றா 4:14இல் அரமனை உப்பைத் தின்கிறவர்கள் நாங்கள், ஆகவே ராஜாவுக்குக் குறைவு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அதிகாரிகள் மனு எழுதுகிறார்கள். அந்த மனுவால் எருசலேமின் கட்டட வேலை நின்றுபோகிறது. உப்பிட்டவனுக்கு விசுவாசம் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு அநியாயமும் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மத்தேயு 5:13 கேட்பது வேறு. யார் உப்பைத் தின்றாய் என்று அது கேட்கவில்லை. உனக்குள் இருப்பது இன்னும் உப்புதானா என்று கேட்கிறது. கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

சாரம் எப்படிப் போகிறது

சுத்தமான சோடியம் குளோரைடு சாரம் இழக்காது. எத்தனை வருடம் வைத்தாலும் கரிக்கும். வசனத்தில் சொன்ன உப்பு அப்படிச் சுத்தமானது அல்ல. சவக்கடல் நீரில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு மெக்னீசியம் குளோரைடு. அதன் கரையில் அள்ளிய உப்பிலும், தென்மேற்கே உள்ள சோதோம் மலைப் பாறை உப்பிலும் ஜிப்சமும் களிமண்ணும் கலந்திருக்கும். ஈரம் பட்டால் எது முதலில் போகும்? 100 மில்லி தண்ணீரில் சோடியம் குளோரைடு ஏறக்குறைய 36 கிராம் கரையும்; ஜிப்சம் கால் கிராம்தான் கரையும். ஆகவே ஈரத் தரையில் கிடந்த மூட்டையிலிருந்து உப்பு ஓடிவிட, வெள்ளை வெளேரென்று ஜிப்சமும் மண்ணும் மிஞ்சும். பார்வைக்கு உப்பு, வாயில் போட்டால் சுண்ணாம்புத் தூள். "அது நிலத்துக்காகிலும் எருவுக்காகிலும் உதவாது" என்று லூக்கா 14:35 சொல்வது இந்த மிச்சத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்தான் இது. வேதியியல் இதற்கு முழு இடம் கொடுக்கிறது.

இதே ஜிப்சமும் மெக்னீசியமும் தூத்துக்குடி உப்பளத்திலும் உண்டு. அங்கே அவற்றைப் பிரிப்பதுதான் தொழிலின் நுட்பமே. கடல் நீர், உப்புநீரின் கனத்தை அளக்கும் பாமே அளவியில் 3 முதல் 3.5 டிகிரி இருக்கும். பல அளங்களில் நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், அது இன்னும் கனமாக இருக்கும். பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்டவிடும்போது 13 டிகிரிக்குமேல் ஜிப்சம் அடியில் படியத் தொடங்கும். 25 டிகிரியில் தண்ணீரைத் தெளிவாகக் கடைசிப் பாத்திக்கு விட்டால் உப்பு விளையும். 29, 30 டிகிரி ஆனதும் மிச்சத் தண்ணீரை வடித்து வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் அதில் இருப்பது கசப்பான மெக்னீசியம்.

இதில் இரண்டு தவறு நடக்கலாம். 25 டிகிரிக்கு முன்பே கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டால் உப்போடு ஜிப்சம் சேரும்; நறநறக்கும், கரைத்தால் அடியில் தங்கும். வடிப்பதைத் தள்ளிப்போட்டால் மெக்னீசியம் சேரும். உப்பு கசக்கும், சாடியில் எப்போதும் தண்ணீர் விடும். கல்லுப்பில் நாம் காணும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கும்.

சாடியில் தண்ணீர் விடுவதற்கும் கணக்கு உண்டு. சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஐப்பசி மழையில் எல்லா உப்பும் கொஞ்சம் நசநசக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்திரை வெயிலிலும் ஒரு கல்லுப்பு ஈரமாகவே இருந்தால் அதில் கசப்புத் தண்ணீர் சரியாக வடிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

அயோடின் கல்லுப்பு: அன்றாடச் சமையலுக்கு முதல் இடம்

கொதிக்கும் எந்தப் பண்டத்துக்கும் இதுவே போதும். விலை குறைவு, கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் பொருட்கள் பெரும்பாலும் இருக்காது, ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இதை விட்டால் நல்லது இல்லை. நல்ல கல்லுப்பு வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ, ஒரே அளவாக, கையில் எடுத்தால் ஒட்டாமல் இருக்கும். சாம்பல் நிறம் மண்; மங்கலான பால் வெள்ளையில் நறநறப்பு இருந்தால் ஜிப்சம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் 100 மில்லி தெளிந்த தண்ணீர் எடுத்து 20 கிராம் கல்லுப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். கரையாத பொருள் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 20 கிராமில் அது 0.2 கிராம், அதாவது தம்ளர் அடியில் மெல்லிய ஒரு படலம். அதற்குமேல் திட்டாகத் தெரிந்தால் அந்தப் பொட்டலத்தை இரண்டாம் முறை வாங்க வேண்டியதில்லை.

இனி வருவதுதான் முக்கியம். கல்லுப்பில் அயோடின் கல்லுக்குள் இருப்பதில்லை. பொட்டாசியம் அயோடேட் கரைசலைக் கல்லின் மேல் தெளிக்கிறார்கள். அது மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருக்கும். ஆலையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், கடையில் நம் கைக்கு வரும்போது 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். பல வீடுகளில் கல்லுப்பை வாங்கியதும் "அழுக்கு போகட்டும்" என்று ஒருமுறை தண்ணீரில் அலசி வெயிலில் காயவைப்பார்கள். அந்த ஒரு அலசலில் அயோடின் போய்விடுகிறது. உப்பு முன்பைவிட வெள்ளையாகத் தெரியும், முன்பு போலவே கரிக்கும், அதற்குள் சேர்த்து அனுப்பியது மட்டும் இருக்காது.

சவக்கடல் உப்பு சாரம் இழந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். இந்த இழப்பை நாக்கு காட்டாது, கண் காட்டாது. பல வருடம் கழித்து ஒரு பிள்ளையின் கழுத்தில் கழலையாகவோ படிப்பில் மந்தமாகவோ தெரியும். "எதினால் சாரமாக்கப்படும்?" என்ற கேள்வியைச் சபைக்குக் கேட்கும்போது இந்த வகை இழப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆராதனை முறை மாறவில்லை, பாட்டு மாறவில்லை, வெள்ளை உடுப்பு இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்காக உள்ளே வைக்கப்பட்டிருந்தது எந்த அலசலில் போனது என்று யாருக்கும் தெரியாது.

அழுக்குக்கு வழி இருக்கிறது. அலச வேண்டாம், கரைத்து வையுங்கள். 1 கிலோ கல்லுப்பை 3 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, இரவு முழுதும் விட்டு, மேலே தெளிந்ததை மெல்லிய துணியில் வடித்து மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றவும். மண்ணும் ஜிப்சமும் அடியில் நின்றுவிடும், அயோடின் தண்ணீரோடு வந்துவிடும். இந்தக் கரைசல் 20 மில்லியில் ஏறக்குறைய 6 கிராம் உப்பு இருக்கும். குவித்த தேக்கரண்டி, தலை தட்டிய தேக்கரண்டி என்ற குழப்பமே இல்லை. 1 லிட்டர் ரசத்துக்கு 8 முதல் 9 கிராம் உப்பு என்றால் 30 மில்லி கரைசல். குழம்புக்கு 10 கிராம் வரை போகலாம். பழைய அடுக்களைகளில் உப்புத் தண்ணீர்க் கலயம் இருந்ததற்குக் காரணம் இந்த மண்தான்.

வறுத்துப் பொடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரமான கல்லுப்பைச் சட்டியில் நேரம்போக வறுத்தால் அயோடின் குறையும். வெயிலில் பரப்பாமல், மூடிய சாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதே போதும். சாடி பீங்கானோ கண்ணாடியோ. எவர்சில்வர் டப்பாவில் ஈர உப்பை வைத்தால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மரக்கரண்டி நல்லது.

கல்லுப்பில் உப்பிட்டவர் யார் என்பதும் மறைவாக இல்லை. தூத்துக்குடி, ராமநாதபுரம் வாலிநோக்கம், வேதாரண்யம், மரக்காணம் அளங்களில் வெறுங்காலோடு கசப்புத் தண்ணீரில் நின்று வாருகிறவர்கள் அவர்கள். வெள்ளைப் பரப்பின் கண்கூச்சமும் காலில் ஆறாத வெடிப்பும் தொழிலோடு வருபவை. தை மாசியில் தொடங்கும் விளைச்சல் புரட்டாசியோடு நிற்கும். வடகிழக்கு மழையில் அம்பாரத்தைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட்டு வேலையில்லாமல் இருப்பார்கள். அந்த மூன்று மாதத்துக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. அதே சமயம் தமிழ்நாடு உப்புக் கழகம் "நெய்தல்" என்ற பெயரில் வெளிச்சந்தைக்கு உப்பு கொண்டுவந்தது. 1974இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது, வாலிநோக்கத்தில் சொந்த அளம் இருக்கிறது. உப்பு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தெரிந்து வாங்க நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. பழமொழியை மனப்பாடமாகச் சொல்லும் நாம், வேலைக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்ததாக யாக்கோபு 5:4 பேசும் கூலியைப் பற்றியும் அதே மூச்சில் யோசித்தால் நல்லது.

தூளுப்பு: மேசைக்கும் மாவுக்கும்

பொட்டலத்தில் அயோடின் சீராகக் கலந்திருப்பது இதன் பலம். கல்லுப்பில் ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் அயோடின் மாறும், இங்கே அவ்வளவு மாறாது. வறுவல், பொரியல், மோர், சாலட், ரொட்டி மாவு என்று தண்ணீர் குறைவாக உள்ள எதற்கும் இதுவே சரி. கல்லுப்பு அவற்றில் கரையாமல் பல்லில் கடிபடும்.

குறை, அளவு தவறுவது. ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்பில் கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் குறைவாகவே பிடிக்கும். கல்லுப்பில் சமைத்துப் பழகிய கை தூளுப்புக்கு மாறினால் முதல் வாரம் எல்லாம் கரிக்கும். கரித்துப்போன குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுக்கும் என்பது வீண் நம்பிக்கை. கிழங்கு தன் பங்குத் தண்ணீரோடு தன் பங்கு உப்பை மட்டுமே எடுக்கும். தண்ணீரும் பருப்பும் கூட்டுவதே வழி.

பொட்டலத்தில் 536 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது பொட்டாசியம் ஃபெரோசயனைடு. கட்டிபடாமலிருக்க கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை அனுமதி. பெயரில் சயனைடு இருந்தாலும் இரும்போடு இறுகப் பிணைந்த அந்த உப்பு அடுப்புச் சூட்டில் பிரியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கைகளுக்கு இதற்குமேல் இடம் கொடுக்க வேண்டாம். 551 என்றால் சிலிக்கா. கரைசலைக் கொஞ்சம் கலங்கலாக்கும், அவ்வளவுதான். ஊறுகாய்த் தண்ணீர் கலங்குவதற்கும் இதுவே காரணம், அயோடின் அல்ல.

வாங்கும் அளவையும் சொல்லிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. நான்கு பேர் வீட்டில் மாதம் 600 கிராம். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பிஸ்கட்டில் வருவதும் அதற்குள் அடக்கம். மாதம் 2 கிலோ பொட்டலம் காலியாகிற வீட்டில் உப்பின் வகையை மாற்றுவதற்குமுன் அளவை மாற்றுவதுதான் முதல் வேலை. 5 கிராமில், கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற கணக்கில் 150 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கும். பெரியவருக்கு ஒரு நாள் தேவை அதுவே. உப்பைக் குறைத்தால் அயோடினும் குறையும் என்பதால், குறைவாகத் தின்கிறவர்கள்தான் நல்ல அயோடின் உப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு

கிலோவுக்கு 850 முதல் 1,100 மில்லிகிராம் இரும்பு. 5 கிராமில் 4 முதல் 5 மில்லிகிராம் கிடைக்கும். இரத்தசோகை அதிகமுள்ள நம் ஊர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது சின்ன விஷயமல்ல. பொட்டலத்தில், சத்துச் சேர்த்த உணவு என்று காட்டும் நீல நிற "+எஃப்" முத்திரை இருக்கும். சத்துணவுக் கூடங்களுக்குப் போவதும் இந்த வகைதான்.

சமையல்காரர்கள் இதைத் திட்டுவதற்குக் காரணம் நிறம். வாழைப்பூ, கத்தரிக்காய் போன்ற துவர்ப்புள்ளவற்றோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும்; தேங்காய்ச் சட்னி லேசாக மஞ்சளிக்கும். பழைய பொட்டலத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது அழுக்கல்ல, ஈரத்தில் இரும்பு மாறியது. ஆனால் அப்படிப் புள்ளி விழுந்த பொட்டலத்தில் அயோடினும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே சிறு பொட்டலமாக வாங்கி ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. சாம்பார், கறிக்குழம்பு போன்ற நிறமான குழம்புகளுக்கு வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

சோடியம் குறைத்த உப்பு: கேட்டு வாங்க வேண்டியது

சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகையைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் அதில் சேர்க்கவில்லை. சிறுநீரக நோய் உள்ளவருக்கு, அல்லது இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள்.

"15 சதவீதம் குறைவு" என்ற பொட்டலத்தில் 5 கிராமுக்கு 1.95 கிராம் சோடியம் இருக்குமிடத்தில் 1.65 கிராம் இருக்கும். கரிப்புக் குறைகிறது என்று ஒரு சிட்டிகை கூடப் போட்டால் லாபம் போயிற்று. பின்னணியில் லேசான உலோகக் கசப்பு உண்டு. மோரில் தெரியும், புளிக்குழம்பில் தெரியாது.

இந்துப்பு

தூளுப்பைப் போல் பல மடங்கு விலை. இளஞ்சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வருகிறது. "இமயமலை உப்பு" என்று எழுதி விற்றது பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்தினுடையது. 2025 மே மாதத்தில் இந்தியா பாகிஸ்தானிலிருந்து எல்லா இறக்குமதியையும் நிறுத்தியது. எண்பத்துச் சொச்சம் தாதுக்கள் என்ற விளம்பரம் பொய்யென்று சொல்ல முடியாது, 5 கிராமில் அவை உடம்புக்குப் பயன்படும் அளவில் இல்லை என்பதே விஷயம். அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டும் வீட்டு உப்பாக வைத்துக்கொள்வதை, குறிப்பாகக் கர்ப்பிணிகள் உள்ள வீட்டில், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கெடாமல் காக்கும் வேலை

உப்பு கெடாமல் காக்கும் என்ற பிரசங்கக் குறிப்பு கருவாட்டுக் கொட்டகையில் நிரூபணமாகிறது, கூடவே சில நிபந்தனைகளும் தெரியவருகின்றன. குடல் நீக்கி வயிறு கீறிய பெரிய மீனுக்கு நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பு சதையைத் தொட வேண்டும். மேலே குவித்துவைத்தால் அடியில் உள்ள மீன் கெடும். மெக்னீசியம் அதிகமுள்ள உப்பு மேல்தோலை இறுக்கிவிடும், உள்ளே போகாது: வெளியே விறைத்து வெள்ளையாக, முள்ளோரம் நாறிப்போயிருக்கும். மேலோட்டமாக மிக நல்லவராகத் தெரிந்து உள்ளே எட்டாத பக்திக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. கருவாடு சிலசமயம் இளஞ்சிவப்பாகி நாறும். அதற்குக் காரணமான நுண்ணுயிர் உப்பிலேயே வாழ்வது. உப்பளத்தின் கடைசிப் பாத்திகளைச் சிவப்பாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. புதிதாக வாரிய உப்பைவிட, சில மாதம் காய்ந்து கிடந்த உப்பில் இது குறைவு. உப்பாக இருப்பதாலேயே எதுவும் கெடாது என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஊறுகாயில் தவறுவது அளவு. வடுமாங்காய் 1 கிலோவுக்குக் கல்லுப்பு 120 முதல் 150 கிராம். நார்த்தங்காய்க்கு 200 முதல் 250. இரத்த அழுத்தம் என்று ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் நுரைத்துக் கொழகொழவென்று போகும். உப்பை அப்படியே வைத்து, தொட்டுக்கொள்வதைக் குறைப்பதே சரி.

"கரைந்து மறைகிறது" என்ற குறிப்பை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை. கரைந்த உப்பு எங்கும் போகவில்லை. தண்ணீரைச் சுண்டவைத்தால் போட்டது அத்தனையும் அடியில் திரும்பக் கிடைக்கும். "உங்களுக்குள்ளே உப்புடையவர்களாயிருங்கள், ஒருவரோடொருவர் சமாதானமுள்ளவர்களாயிருங்கள்" என்ற மாற்கு 9:50இல் உப்பு இழந்துபோவதல்ல, உள்ளே வைத்துக்கொள்வது. லேவியராகமம் 2:13 எந்தப் போஜனபலியிலும் உப்பைக் குறைய விடாதே என்று கட்டளையிடுவதும் அந்த நிலைத்த தன்மைக்காகவே என்று தோன்றுகிறது. உப்பு உடன்படிக்கை என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது.

அசனத்துக்கு வாங்கும்போது

தெற்கத்தி சபைகளில் அசனம் என்ற சபை விருந்து வந்தால் அரிசி இன்னார், ஆடு இன்னார், தேங்காய் இன்னார் என்று உபயம் வாசிப்பார்கள். உப்பை யாரும் உபயம் தருவதில்லை, வாசிப்பதும் இல்லை. கடைசி நேரத்தில் பக்கத்துக் கடையில் கிடைத்த மூட்டை வரும். அதனால்தான் இந்தக் கணக்கைத் தனியே தருகிறோம்.

500 பேருக்கு, ஆளுக்கு 150 மில்லி குழம்பு என்றால் 75 லிட்டர். லிட்டருக்கு 9 கிராம் வீதம் 675 கிராம் உப்பு. ரசம் 50 லிட்டருக்கு 400 முதல் 450 கிராம். கூட்டோ பொரியலோ 50 கிலோவுக்கு 400 கிராம். மொத்தம் ஒன்றரை கிலோவைச் சுற்றித்தான் வருகிறது. கறி கழுவ, வாழைக்காய் நறுக்கிப் போட என்று இன்னும் ஒன்றரை கிலோ சேர்த்தால் 3 கிலோ போதும். 10 கிலோ மூட்டை தேவையில்லை. மூட்டையாகவே வாங்குவதானால் "உண்பதற்கல்ல" என்றோ தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோல் பதனிடவும் ஐஸ் ஆலைக்கும் போகும் அயோடின் இல்லாத உப்பு அதே நிறத்தில், அதே அளவில், பாதி விலையில் கிடைக்கும். 14 இலக்க உணவு உரிம எண் இல்லாத மூட்டையைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

அண்டாவில் கல்லுப்பை அள்ளிப் போடாதீர்கள். அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே ருசி பார்த்தவர் இன்னும் அள்ளுவார், பரிமாறும் நேரத்தில் கடைசி வாளி கரிக்கும். முந்தின இரவே 1 கிலோவுக்கு 3 லிட்டர் என்று கரைத்து வடித்து வையுங்கள். கணக்கிட்ட அளவில் முக்கால் பங்கை அடுப்பை இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன் ஊற்றி, நன்றாகத் துழாவி, இரண்டு பேர் ருசி பார்த்தபிறகு மிச்சத்தைச் சேர்க்கலாம். ருசி பார்ப்பவர்களில் ஒருவராவது காலையிலிருந்து அடுப்படியில் நிற்காதவராக இருக்கட்டும். புகையிலும் வெக்கையிலும் நின்ற நாக்குக்கு எல்லாமே உப்புக் குறைவாகத்தான் தெரியும். மிஞ்சிய கரைசலைக் கொட்ட வேண்டாம். மூடி வைத்தால் அடுத்த ஞாயிறு இராப்போஜனத்துக்குப்பின் நடக்கும் ஐக்கிய விருந்துக்கு ஆகும்.